தூங்குத வண்டிக்கு ஏழு நாள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு, நான் பணியில் இருந்த காலத்தில், இப்படி இருந்தது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறிப்போகும்படி யாரும் தன் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. மாற்ற விரும்பினால் பதிவு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்ட ஏழு நாளுக்குள், சரி என்றோ கூடாது என்றோ, தபாலில் தெரிவிக்க வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் உரிமையாளருக்குத் தகவல் எதுவும் கிடைக்காவிட்டால், ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கருதப்படும். அரசாங்கம் தன் சோம்பலை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரு பரிகாரமும் எழுதிவைத்த அபூர்வமான வாக்கியம் அது. பிற்பாடு அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். நல்ல வாக்கியங்கள் சட்டத்தில் அதிக நாள் தங்குவதில்லை.

என் மேசை இழுப்பறையில், ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில், ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. பதிவுத் தபாலோடு போய், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியவரிடமே திரும்பி வரும் ஒப்புகை அட்டையின் நகல் அது. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுக்கப்பட்டிருக்கின்றன. கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. கீழே 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்ட பச்சை மை மட்டும் அப்படியே இருக்கிறது. அட்டையில் ஒரு தேதியும் உண்டு. கோப்பில் எந்தக் காகிதமும் அதற்குரிய வரிசையில்தான் வர வேண்டும் என்று முப்பத்துநான்கு வருடம் பிறருக்குச் சொன்னவன் நான். தேதியை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் சிறிய வாகனப் பதிவு அலுவலகம். எந்த ஊர் என்பது கதைக்குத் தேவையில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர்தான் அலுவலகத் தலைவர், நான் கண்காணிப்பாளர். ஊர் அவரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றது, என்னை 'சூப்பிரண்டு' என்றது. அவருக்குக் காகிதம் பிடிக்காது, எனக்கு வண்டி தெரியாது. ஆகவே அலுவலகம் நன்றாக நடந்தது. லாரி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் ஒரு சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்துவிடுவார். சேசிஸில் பொறித்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தச்சன் பென்சிலால் தேய்ப்பார். எண் தாளில் எழும்பி வரும். அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இது சொல்லுததுதான் வண்டி. மிச்சமெல்லாம் தகரம் வே" என்பார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வலது தோளில் ஒரு கிரீஸ் கறை இருந்தது. அந்த ஜூன் முப்பதாம் தேதியோடு அவருக்கு ஓய்வு.

அவரை நிம்மதியாக ஓய்வு பெற விடாமல் செய்ய இருந்தது ஜப்பானில் செய்த ஒரு கார். பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் ஜப்பானில் கப்பல் கட்டும் தளத்தில் சில வருடம் பொறியாளராக இருந்துவிட்டு, வீட்டுச் சாமான்களோடு தன் காரையும் முறைப்படி கொண்டுவந்திருந்தார். எல்லோரும் அவரை 'ஜப்பான் அண்ணாச்சி' என்றார்கள். இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு, பின்சீட்டில் ஆள் உட்கார வேண்டுமானால் கால்களை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். நம் சாலைகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நெல் காயப்போட்ட சாலையில் அது போகும்போது தானியம் அடிவயிற்றில் உரசும் சத்தம் கேட்கும். அந்தக் கம்பெனி ஒரே காரை இரண்டு பெயரில், இரண்டு கடைகளில் விற்றதாம். ஒன்றுக்கு முகப்பு விளக்குகள் எல்லாக் கார்களையும்போல வெளியே தெரியும். இன்னொன்றுக்கு விளக்குகள் பானெட்டுக்குள் மூடியிருக்கும், சுவிட்சைப் போட்டால் மேலே எழும். பெயர்கள் எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. மெக்கானிக்குகள் முதலாவதை 'முழிச்ச வண்டி' என்றார்கள், இரண்டாவதை 'தூங்குத வண்டி' என்றார்கள். அண்ணாச்சி கொண்டுவந்ததும் எங்கள் அலுவலகத்தில் பதிவானதும் முழிச்ச வண்டி.

அம்பாசமுத்திரம் சாலையில் ஒரு மாலை, வைக்கோல் ஏற்றி நின்ற டிராக்டரின் பின்னால் அது போய் நுழைந்தது. யாருக்கும் காயமில்லை. காரின் முகம் மட்டும் போய்விட்டது. அதே முகம் எங்கும் கிடைக்கவில்லை. ஜப்பானில் இருந்த நண்பர் கப்பலில் அனுப்பிவைத்தது தூங்குத வண்டியின் முகம். அதுவும் இதில் அப்படியே பொருந்துமாம். அண்ணாச்சி ஒழுங்கான மனிதர். மாட்டுவதற்கு முன் எழுதிக் கொடுத்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி நான்தான் முத்திரை குத்தி வாங்கினேன். ஏழு நாள் பத்தாம் தேதியோடு முடியும் என்று மனுவின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்தேன்.

மூன்று நாள் கழித்து ஆய்வாளரும் நானும் பாளையங்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போனோம். முகமில்லாத கார் ஒரு பக்கம், மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே புது முகம் மறுபக்கம். அண்ணாச்சி இரண்டு மாடல்களின் உதிரிபாகப் புத்தகங்களையும் விரித்துக் காட்டினார். ஆய்வாளர் சாக்கை விரித்து அடியில் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. நான் ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினேன். எஞ்சின் இரண்டுக்கும் ஒன்று. கியர் பெட்டி ஒன்று. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், டேப்பை இரண்டு முறை பிடித்தும், ஒன்று. கதவு, கண்ணாடி, கூரை ஒன்று. வித்தியாசம் பானெட், இரண்டு மட்கார்டு, பம்பர், விளக்கு. பின்விளக்கின் வடிவத்திலும் கொஞ்சம் வேறுபாடு உண்டு, ஆனால் பின்பக்கம் அடிபடவில்லை. விளக்கைத் தூக்குகிற மோட்டாரின் எடை நாலைந்து கிலோ கூடும், அந்த அளவுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. கடைசியில் அவர் வெளியே வந்து, தேய்த்த தாளை என்னிடம் கொடுத்தார். பதிவேட்டில் உள்ள அதே எண்.

"ஒரு வயித்துப் பிள்ளைய வே. ஒண்ணு முழிச்சுக்கிட்டு கெடக்கு, ஒண்ணு தூங்குது. அவ்வளவுதான்."

"சான்றிதழில் மாடல் என்று ஒரு கட்டம் இருக்கிறதே சார். அங்கே ஒரு பெயர், முகத்தில் இன்னொரு பெயர். மேலிடத்தில் தெளிவுரை கேட்பதுதான் முறை" என்றேன்.

"மேலிடத்துல யாருவே இந்த வண்டிக்கு அடியில படுத்தது?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஏழு நாளு பைய போவட்டும். நீரு சும்மா இரும். சட்டமே சரின்னு சொல்லீரும்" என்றார்.

அண்ணாச்சி சிரித்தார். "சும்மா இருக்கச் சொல்லி சூப்பிரண்டுகிட்ட சொல்லுதியளே சார். லீவே எடுக்காதவியள லீவு எடுக்கச் சொல்லுத மாதிரில்லா அது!"

அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது என்று இப்போது ஒத்துக்கொள்ளலாம். சும்மா இருப்பது ஒரு நடைமுறை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டாம் தேதி ஆய்வாளர் அம்பாசமுத்திரத்துக்கு முகாம் போயிருந்தார். வழக்கமான கடிதங்களில் அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இருந்தது. மனுதாரருக்கு ஓர் இடைக்காலப் பதில் எழுதினேன்: 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தலைமை அலுவலகத்தின் தெளிவுரை பெற்றபின் முடிவு தெரிவிக்கப்படும்.' மரியாதையான, யாருக்கும் கெடுதல் செய்யாத இரண்டு வாக்கியங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, முகவரிதாரரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற குறிப்போடு அனுப்பினேன். மறுநாள் மூலக்கோப்பைத் தெளிவுரைக்காகச் சென்னைக்கு அனுப்பினேன். இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில் கார் புது முகத்தோடு வந்தது. என் பதிலில் 'கூடாது' என்ற சொல் இல்லையே என்று அண்ணாச்சி அதைப் பொருட்படுத்தவில்லையாம். ஆய்வாளர் பார்த்து, சான்றிதழில் மாற்றத்தைக் குறித்துக் கையெழுத்திட்டு, மையை ஊதிக்கொண்டே என் அறைக்கு வந்தார். ஏழு நாளும் போய், ஒப்புதல் தானாகக் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு அவருக்கு. நான் சொன்னேன், "சார், எட்டாம் தேதியே இடைக்காலப் பதில் போய்விட்டது." அவர் ஊதுவதை நிறுத்தினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், கோபத்துக்கும் நடைமுறை உண்டு. அவர் கோபப்படவில்லை. மை காயாத சான்றிதழை என் மேசையில் வைத்துவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். பதில் போனதால் மௌனம் உடைந்துவிட்டது. மௌனம் உடைந்ததால் ஒப்புதல் பிறக்கவில்லை. பிறக்காத ஒப்புதலை அவர் சான்றிதழில் எழுதிவிட்டார்.

அது எங்கள் இருவரோடு போயிருக்கும். ஏப்ரலில் மொட்டைக் கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் 'பொதுநல விரும்பி'. ஒரே எண்ணில் இரண்டு வெளிநாட்டுக் கார்கள் ஓடுவதாகவும், ஒன்று கண் திறந்தது, மற்றது கண் மூடியது என்றும், திறந்ததைப் பாளையங்கோட்டையிலும் மூடியதை ஆற்றுப்பாலத்திலும் தன் இரு கண்ணாலும் பார்த்ததாகவும், இரண்டையும் பதிந்து கொடுத்தவர் எங்கள் ஆய்வாளர் என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. விபத்துக்கு முன் பார்த்தவருக்கு அது முழிச்ச வண்டி, பின்னால் பார்த்தவருக்குத் தூங்குத வண்டி. விளக்குப் போடும் நேரத்தில் பார்த்தவருக்கு அது மறுபடியும் விழித்துக்கொண்டது.

விசாரணைக்கு வந்த அலுவலர் அமைதியானவர். அண்ணாச்சி மார்ச்சிலேயே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் அவர் மனைவி காரை ஓட்டுநர் வைத்து அனுப்பியிருந்தார். விசாரணை அலுவலர் விளக்கைப் போடச் சொன்னார். இரண்டு கண்ணும் எழுந்தன. அணைக்கச் சொன்னார், மூடின. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை தேவையில்லை, ஆசைக்குத்தான். ஆய்வாளர் தேய்த்தெடுத்த சேசிஸ் எண்ணையும் பார்த்தார். பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்து, "வண்டி ஒண்ணுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எனக்கு வேண்டியது தேதி" என்றார். என் இடைக்காலப் பதிலின் அலுவலக நகல் அவர் கையில் இருந்தது. எட்டாம் தேதி அனுப்பிய தபால் பாளையங்கோட்டைக்கு ஒன்பதாம் தேதி போய்விடும். ஏழு நாளுக்குள் தகவல் தெரிவித்தாகிவிட்டது. அப்படியானால் ஒப்புதல் இல்லாத மாற்றத்தைப் பதிந்தது ஏன்? ஆய்வாளரின் கருத்துக்கு மாறாக, அவர் இல்லாத நாளில், நானே அனுப்பினேன் என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை அலுவலர் படித்துவிட்டு, "இது உங்களுக்கு ஒரு மெமோ வாங்கித் தரும். அவரைக் காப்பாத்தாது. சான்றிதழ்ல கையெழுத்து அவருது" என்றார்.

இதற்கு மேல் என்ன நடக்கும் என்பது ஆய்வாளருக்கும் எனக்கும் தெரியும். ஓய்வு பெறும் நாளன்று தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வரலாம். வந்தால், ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை என்று இன்னொரு உத்தரவும் கூடவே வரும். ஆய்வாளரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. மாலை வாங்கியாகிவிட்டது, நாற்காலி போட்டாகிவிட்டது, ஜீப்பில் ஆள் வந்து உறையைக் கொடுத்தான். "அந்த மாலைய என்ன செஞ்சானுவன்னு கேளும். பூக்காரன்கிட்டயே திருப்பிக் கொண்டுபோனானுவ. அவன் வாங்க மாட்டேன்னுட்டான்" என்பார் ஆய்வாளர். ஜூன் பிறந்ததும் இதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னார். சட்டைப்பையில் ஜெலுசில் மாத்திரை அட்டை ஏறியது. ஜீப் சத்தம் கேட்டால் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் அப்படியே அசையாமல் கிடப்பார், அது தாண்டிப்போன பிறகுதான் பென்சில் தேயும் சத்தம் கேட்கும். நான் சட்டப்புத்தகத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். இடைக்காலப் பதில் 'தகவல்' ஆகுமா ஆகாதா என்று எட்டுப் பக்கம் குறிப்பு எழுதினேன். நகலைக் கோப்பிலிருந்து உருவிவிட்டால் என்ன என்று ஒரு மத்தியானம் நினைத்தேன். அதைச் சொல்லாமலே கண்டுபிடித்தவர்போல, "காகிதத்துல கை வச்சிராதியும்" என்றார்.

ஜூன் நடுவில் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "நீரு எட்டாந்தேதி அனுப்பினேரு. சரி. அவருக்கு அது என்னைக்குவே கெடச்சுது?"

நான் டம்ளரை வைத்துவிட்டேன். 'கிடைக்காவிட்டால்' என்றுதான் விதியில் இருக்கிறது, 'அனுப்பாவிட்டால்' என்று இல்லை. எட்டுப் பக்கம் எழுதியவனுக்கு அது படவில்லை, காகிதம் பிடிக்காதவருக்குப் பட்டது. முகவரிதாரரிடம் மட்டும் என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி ஊரில் இல்லாவிட்டால் தபால்காரர் காத்திருந்திருப்பார். அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "அப்ப அவிய குலசேகரன்பட்டினத்துல ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாவ. எங்கிட்டத் தர மாட்டேன்னுட்டாரு போஸ்ட்மேன். வந்த பெறவுதான் கையெழுத்துப் போட்டு வாங்குனாவ. தேதி யாருக்கு ஞாபகம் இருக்கு ஐயா?" என்றார். அண்ணாச்சியைத் தொலைபேசியில் கேட்டதற்கு, ஒன்பதும் இருக்கும், பதினொன்றும் இருக்கும் என்றாராம். உறையை எப்போதோ எறிந்துவிட்டார்கள். கையெழுத்தும் தேதியும் இருந்த ஒரே இடம் ஒப்புகை அட்டை.

அந்த அட்டை பிப்ரவரியிலேயே எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. காலைத் தபாலில் வந்ததை எழுத்தர் என் முன் வைக்க, நான் சுருக்கொப்பமிட்டு, 'கோப்புடன் இணைக்கவும்' என்று எழுதினேன். கோப்பு சென்னையில் இருந்ததால் அட்டையையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். முறைப்படி நடந்தது. அந்த அட்டையைக் கையில் வைத்திருந்தவன் நான். தேதியின் மேலேயே என் பேனா போயிருக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் அட்டையின் முனை மடங்கியிருந்தது நினைவுக்கு வந்ததே தவிர, தேதி வரவில்லை.

தெளிவுரை கேட்டு ஏற்கெனவே மூன்று நினைவூட்டுகள் அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. கோப்பைத் திருப்பிக் கேட்டேன், அதற்கும் இல்லை. கடைசியில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, முறையை விட்டேன். சென்னையில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்துப் பிரிவில், என்னோடு தேர்வெழுதி வேலைக்கு வந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனுக்குச் சொந்தக் கடிதம் எழுதினேன். தெளிவுரை வேண்டாம், கோப்பு வேண்டாம், அந்த அட்டையின் நகலை மட்டும் சான்றளிக்கச் சொல்லி அனுப்பு என்று.

ஜூன் முப்பது வந்தது. மாலை நான்கு மணிக்கு வழியனுப்பு விழா. கேசரிக்கும் மிக்சருக்கும் சொல்லியாகிவிட்டது. மாலைக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆய்வாளர் தடுத்துவிட்டார். காலையிலிருந்து வரிசையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிராக்டருக்கு ஹாரனைக்கூட மூன்று தடவை அடித்துப் பார்த்தார். பதினொன்றரைக்குத் தபால் வந்தது. நண்பனின் கையெழுத்தில் ஒரு நீள உறை. அதைக் கிழித்தேன். உள்ளே மடித்த தாளைப் பிரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. மைதானத்துக்கு நடந்துபோய், டிராக்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செருப்புக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாளை உள்ளே நீட்டினேன். கிரீஸ் கை வாங்கிக்கொண்டது. சத்தமே இல்லை. டிராக்டர்காரர், "என்ன சூப்பிரண்டு சார், ஐயா தூங்கிட்டாவளா?" என்றார். அப்புறம் ஆய்வாளர் விரல் கணுக்களை எண்ணுவது கேட்டது. மூன்று, நான்கு என்று தொடங்கி எண்ணினார். மறுபடியும் மூன்றிலிருந்து எண்ணினார்.

அடியிலிருந்து குரல் வந்தது. "சும்மா இரும்னு சொன்னேன்லா வே."

தாள் வெளியே வந்தது. பார்த்தேன். உறையில் இரண்டு நகல் இருந்தது, நண்பனும் நடைமுறை தெரிந்தவன். ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருநெல்வேலி போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிரே ஏதாவது ஜீப் வருகிறதா என்று பார்த்தேன். விசாரணை அலுவலர் தாளை வாங்கி, மனுவின் முத்திரையைப் பக்கத்தில் வைத்து, அவரும் விரல்விட்டு எண்ணினார். தட்டச்சாகி மேசையில் கிடந்த உத்தரவை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் ஒரு மாலை வாங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கேசரி ஆறிப்போயிருந்தது. மாலையைப் போட்டபோது அவர் தோளில் இருந்த கிரீஸ் பூவில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு மௌனத்தை நான் பதில் எழுதிக் கெடுக்கவில்லை.

ஆய்வாளர் இப்போது இல்லை. கார் கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. தூங்கிக்கொண்டா விழித்துக்கொண்டா போனது என்று தெரியாது. நான் கேட்ட தெளிவுரை இன்றுவரை வரவில்லை. இப்போதெல்லாம் கணினியில் பொத்தானை அழுத்திய நொடியில் தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம், சேர்ந்த நேரத்தையும் அதுவே குறித்துக்கொள்கிறதாம். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் இரண்டு நாள் கூடத் தங்கிவிட்ட மனிதருக்கு அதில் இடம் எங்கே?

தாளை மறுபடியும் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். அஞ்சலக முத்திரை வெறும் மைக் கறையாகிவிட்டது. அட்டையின் மடங்கிய முனை நகலிலும் தெரிகிறது. கீழே என் சுருக்கொப்பம், அதற்கு நேர் மேலே, வலப்பக்கம் சாய்ந்த அண்ணாச்சியின் கையெழுத்து. பெற்றுக்கொண்ட நாள்: பிப்ரவரி பதினொன்று.